ஐலீனின் காரை நான் திருடிய கதை

1

அமெரிக்கக் குடியுரிமைக்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. கைது செய்யப்படாமல் போன குற்றம் ஏதாவது நீங்கள் எப்போதாவது செய்திருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள்.

போன வருடக் கடைசியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். குடிகாரனா, சூதாடியா, ஒரே நேரத்தில் இரண்டு மனைவிகளா என்பதற்கெல்லாம் பேனா தயங்காமல் 'இல்லை'யில் விழுந்தது. இந்தக் கேள்வியில் மட்டும் நின்றுவிட்டது.

என் மனைவி மும்தாஜ் எட்டிப் பார்த்தாள். எந்த இடத்தில் நிற்கிறேன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"இல்லைன்னு போடுங்க. அதெல்லாம் ஒரு குத்தமா?"

"ஒருத்தர் காரை அவங்களுக்குத் தெரியாம ஓட்டிட்டுப் போனா அதுக்குப் பேரு என்ன?"

"அவங்களே ஒண்ணும் சொல்லலையே!"

"படிவம் அவங்களைக் கேக்கல. என்னைக் கேக்குது."

வக்கீலிடம் போனில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, 'இல்லை' என்றே போடுங்கள், நேர்காணலின்போது அந்தப் போலீஸ் அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் என்றார். அலமாரியிலிருந்து பழைய கோப்பை எடுத்தேன். ஒரே ஒரு தாள். ஏழு வருடத்தில் மடிப்பு விழுந்த இடம் நூலாய் இற்றிருந்தது.

ஊரில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் யாருக்கும் இந்தக் கதை தெரியாது. சொன்னால் அம்மா பயப்படுவார் என்று மறைத்தோம். அம்மா இப்போது இல்லை. இனி சொல்லலாம்.

2

அது 2002, இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்த நேரம். நாங்கள் பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் அபார்ட்மென்டில் இரண்டாவது மாடியில் இருந்தோம். எனக்கு மருந்து கம்பெனியில் வேலை. புதிய மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும்போது கிடைக்கும் முடிவுகளைக் கம்ப்யூட்டரில் அலசிச் சொல்வது. மகள் நஸ்ரினுக்கு எட்டு வயது. மும்தாஜுக்கு வேலை செய்ய அனுமதியில்லாத விசா.

திண்டுக்கல்லில் கல்லூரிக்குப் போகும்போது மொபெட்டில் தோழியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் நெரிசலுக்குள் புகுந்து வெளியே வந்தவள் அவள். நியூ ஜெர்சியில் ஒரு பாக்கெட் பால் வாங்கக்கூட நான் வீட்டுக்கு வரும்வரை ஜன்னலோரம் காத்திருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொள் என்று நான் இரண்டு முறை கூட்டிப்போனேன். இரண்டு முறையும் சண்டையில் முடிந்தது. நான் கத்துவேன், அவள் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடப்பாள். பிறகு அந்தப் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை.

கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தோம். எல்லாம் முடிந்து பெயர்ச் சரிபார்ப்பில் நின்றுபோயிருந்தது. என்னோடு விண்ணப்பித்த செந்திலுக்குக் கார்டு வந்துவிட்டது. என் பெயர் முகமது சாதிக். எங்கேயோ ஒரு மேசையில் என் பெயர் கிடந்தது, யாரோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அல்லது பார்க்காமல் இருந்தார்கள். செப்டம்பர் தாக்குதலுக்கு அடுத்த வருடம் அது; என்னைப் போன்ற பெயர்க்காரர்கள் எல்லோருமே கொஞ்சம் அடக்கமாக நடமாடினோம். கடையில் சில்லறை குறைந்தாலும் கேட்க மாட்டேன். யாராவது ஹார்ன் அடித்தால் தப்பு என்மேல் இல்லாவிட்டாலும் கை தூக்கி மன்னிப்புக் கேட்பேன்.

அந்தச் சனிக்கிழமை செந்தில் வீட்டில் அவர் மகளுக்குப் பிறந்தநாள். நஸ்ரினை அங்கே விட்டதும் எங்களுக்கு மூன்று மணி நேரம் கிடைத்தது. கல்யாணமான புதிதில் பார்த்ததற்குப் பிறகு இரண்டு பேரும் தியேட்டரில் சேர்ந்து படமே பார்த்ததில்லை. இந்தியக் கடையில் அரிசி மூட்டையும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, பக்கத்து டவுனில் இருந்த தியேட்டருக்குப் போனோம். அந்த நேரத்துக்குத் தோதாக ஓடிக்கொண்டிருந்தது ஓர் இங்கிலாந்துப் படம். கார் திருடர்களைப் பற்றியது.

வட இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர். மூன்று நண்பர்கள். இன்ன கார் வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் திருடிக் கொடுத்துக் கப்பலில் ஏற்றுவது தொழில். ஒரு நாள் திருடிய காருக்குள் எதிர்பாராத ஒன்று இருக்கிறது, அதோடு அவர்கள் நிம்மதி போய்விடுகிறது. பாதிப் பேச்சு எங்களுக்குப் பிடிபடவில்லை. வாயில் எதையோ மென்றபடியே பேசுவது மாதிரி ஓர் உச்சரிப்பு. ஆனாலும் வார்த்தைகள் எங்களுடையவை. பானட் என்றார்கள். பெட்ரோல் என்றார்கள். நம்பர் பிளேட், லாரி, பஞ்சர். அமெரிக்கா வந்தபின் இவை ஒவ்வொன்றையும் வேறு வார்த்தையாக மாற்றிப் பேசப் பழகி, அப்படியும் அவசரத்தில் பழையதே வாயில் வந்து, எதிரில் இருப்பவர் முழிப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். திரையில் ஒரு வெள்ளைக்காரத் திருடன் 'பானட்டைத் திற' என்றதும் மும்தாஜ் என் கையைத் தட்டி, "பாத்தீங்களா, நம்மதான் கரெக்ட்டு" என்றாள்.

வெளியே வந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. எங்களுடையது பத்து வருடப் பழைய வெள்ளி நிறக் கார். அந்த நிறத்தில் அதே கார் நியூ ஜெர்சியில் தெருவுக்கு நான்கு நிற்கும். திண்டுக்கல்லில் நான் வளர்ந்த தெருவுக்கே ஒரு டாக்டரின் அம்பாசடர்தான். இன்னொன்றோடு மாறிப்போகும் என்று யாரும் நினைத்தே பார்க்க முடியாது.

படம் பார்த்த உற்சாகம் எனக்கு. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். இரண்டு பக்கமும் திருட்டுப் பார்வை பார்த்தேன். குனிந்தபடி காரை நெருங்கி, "மூணே செகண்டு, பாரு" என்று மும்தாஜிடம் சொல்லிவிட்டுச் சாவியைப் போட்டுத் திருப்பினேன். கொஞ்சம் முரண்டு பிடித்துத் திறந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மழை வலுத்தது. நான் ஓடிப்போய் என் ஜாக்கெட்டை அவள் தலைமேல் பிடித்து ஏற்றிவிட்டு, வந்து வண்டியைக் கிளப்பினேன்.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவன். ஒரு சாவி இரண்டு பூட்டைத் திறக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

3

இருபது நிமிடப் பயணம். மும்தாஜ் ஒரு முறை, "என்னங்க, சீட்டு ரொம்பப் பின்னாடி இருக்கு" என்றாள். படத்தில் அந்த மூன்றாவது நண்பன் காட்டிக்கொடுத்தது சரியா தப்பா என்று நான் விவாதித்துக்கொண்டிருந்தேன். மழையில் கண்ணாடியெல்லாம் புகை படிந்தது போலிருந்தது.

செந்தில் வீட்டு வாசலில் நஸ்ரின் கையில் பலூனோடு ஓடி வந்து பின்கதவைத் திறந்தாள். ஏறவில்லை. குனிந்து உள்ளே பார்த்தாள்.

"அத்தா, வேர் இஸ் மை சீட்?"

"அங்கதான் இருக்கும், நல்லா பாரு."

"நோ. தேர்ஸ் எ டாக் பிளாங்கெட்." பிறகு, மிகவும் நிதானமாக, "அத்தா, திஸ் இஸ் நாட் அவர் கார்."

திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் கட்டம்போட்ட கம்பளி, அதன்மேல் நாய் முடி. அரிசி மூட்டை இல்லை. காய்கறிப் பை இல்லை. மும்தாஜ் சுடுபாலில் கை வைத்தவள் மாதிரி இறங்கினாள். நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை இரண்டும் யாருடையவோ போல இருந்தன.

செந்தில் குடையோடு வந்தார். விஷயம் கேட்டதும் அவர் முகமும் மாறிவிட்டது. கோயம்புத்தூர்க்காரர், எதையும் யோசித்துத்தான் பேசுவார்.

"சாதிக், அவசரப்படாதீங்க. மொதல்ல லாயருக்குப் போன் பண்ணுங்க. உங்க கேஸ் பெண்டிங்ல இருக்கற நேரத்துல போலீஸ் ரெக்கார்டுல பேர் வர்றது நல்லதில்லைங்க."

"சனிக்கிழமை எந்த லாயர் எடுப்பாரு?"

"அப்ப வண்டிய அதே எடத்துல கொண்டுபோய் விட்டுட்டு உங்க வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

அது எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் சாவியை மறுபடி திருப்பியே விட்டேன். பிறகு நினைத்தேன். இந்நேரம் அந்த நம்பர் எல்லாப் போலீஸ் காருக்கும் போயிருந்தால்? வழியில் மறித்தால்? லைசன்ஸில் முகமது என்ற பெயரை டார்ச் அடித்துப் பார்ப்பவரிடம், நானாகத்தான் திருப்பிக் கொடுக்க வந்துகொண்டிருந்தேன் என்றால் நம்புவாரா? இதைத்தானே எல்லாத் திருடனும் சொல்வான்?

செந்தில் ஒரு பக்கம் வேண்டாம் என்றார். என் மனம் எதுவும் செய்யாமல் அப்படியே அந்தக் காருக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கச் சொன்னது. அப்போது மும்தாஜ் சொன்னாள்:

"என்னங்க, நம்ம பேர், நம்ம கார்டுன்னே பேசிட்டிருக்கோம். இந்தக் காருக்காரங்க யாரோ, இந்நேரம் மழையில நின்னுட்டிருப்பாங்க. வயசானவங்களா இருந்தா? மொதல்ல போலீஸைக் கூப்பிடுங்க."

செந்தில் வீட்டுப் போனில் அந்த டவுன் போலீஸை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதில் மூன்று முறை ஓட்டிப் பார்த்திருந்தேன். அவர் குரலைக் கேட்டதும் எல்லாம் கலைந்துபோயிற்று.

கார் திருட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன்.

"உங்கள் கார் திருடு போய்விட்டதா, சார்?"

"இல்லை மேடம். நான்தான் திருடிவிட்டேன்."

செந்தில் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். நான் அவசர அவசரமாக, தவறுதலாக, தியேட்டர், ஒரே மாதிரி, சாவி, மழை, பிறந்தநாள் என்று கொட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு பொறுமையாக, வண்டியை நகர்த்த வேண்டாம், இருக்கும் இடத்திலேயே இருங்கள், ஓர் ஆபீசர் வருவார் என்றார்.

4

இருபது நிமிடத்தில் வந்தார். சைரன் இல்லை. ஜன்னலில் வரிசையாகக் குழந்தைகள், தலையில் காகிதத் தொப்பிகளோடு. நான் இரண்டு கைகளும் தெரியும்படி தெருவோரம் நனைந்துகொண்டு நின்றேன். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு, மீசை வைத்திருந்தார். என் லைசன்ஸை வாங்கிப் பார்த்தார். பெயரை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். என்னிடம் சாவியை வாங்கிக் கதவைப் பூட்டினார், திறந்தார். மறுபடி பூட்டித் திறந்தார்.

"இதிலிருந்து ஏதாவது எடுத்தீர்களா? டிரங்க்கைத் திறந்தீர்களா?"

அவ்வளவு நேரம் ஜாக்கிரதையாக இருந்த நாக்கு அங்கே வழுக்கியது. "இல்லை சார். சத்தியமாக டிக்கியைத் தொடவே இல்லை."

"எதைத் தொடவில்லை?"

"டிக்கி, சார்."

அமெரிக்கக் காதுக்கு அது ஒரு கெட்ட வார்த்தை போலக் கேட்கும்; அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. மும்தாஜ் குறுக்கே வந்து காரின் பின்பக்கத்தைக் கையால் காட்டினாள்.

அவர் ரேடியோவில் யாரிடமோ பேசினார். ஸ்டேஷனிலிருந்து தியேட்டருக்குப் போன் போட்டு விசாரித்தார்களாம்; காரின் சொந்தக்காரர் அங்கேதான் இருக்கிறாராம், நலமாக இருக்கிறாராம். "என் பின்னால் ஓட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். முன்னால் போலீஸ் கார், பின்னால் நாங்கள். நஸ்ரினை அங்கேயே விட்டுவிட்டுப் போனோம். வழி முழுக்க மும்தாஜ் முணுமுணுவென்று ஓதிக்கொண்டே வந்தாள்.

தியேட்டர் வாசலில் எழுபது வயதை ஒட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா காகிதக் கோப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, குட்டையாக வெட்டிய நரைமுடி. பக்கத்தில் தியேட்டர் மேனேஜர். நான் இறங்கி ஓடிப்போய், சொல்ல வந்தது எதுவும் வராமல் சாவியை இரண்டு கையாலும் நீட்டினேன். அது என் சாவி என்பதுகூட உறைக்கவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"படம் பிடித்திருந்ததா?" என்றார்.

திரையில் கேட்ட அதே உச்சரிப்பு. இங்கிலாந்தில் அந்தப் படம் எடுத்த ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவராம். நாற்பது வருடத்துக்கு முன்பு நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா வந்தவர். கணவர் இறந்துவிட்டார். ஊர்ப் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டுத் தனியாகப் படத்துக்கு வந்திருக்கிறார். பெயர் ஐலீன்.

ஆபீசர் தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். நாங்கள் காரைக் கிளப்பிக்கொண்டு போனதை ஐலீன் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். நான் காலரைத் தூக்கிவிட்டு நடித்ததையும் சேர்த்து. மேனேஜர் உடனே போலீஸுக்குப் போன் செய்யப் போயிருக்கிறார். ஐலீன் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாராம். வெளியே போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டு கார் தள்ளி அதே மாதிரி வெள்ளி நிறக் கார். சாவி போட்டுப் பார்த்திருக்கிறார், திறக்கவில்லை. ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். குழந்தை உட்காரும் சீட்டு. அதன் பக்கத்தில் அரிசி மூட்டை. மூட்டைக்கு சீட் பெல்ட் போட்டிருந்தது.

அது மும்தாஜின் வேலை. ஒரு முறை பிரேக் போட்டதில் மூட்டை உருண்டு அவிழ்ந்து கார் முழுக்க அரிசி சிந்தியதிலிருந்து அவள் அப்படித்தான் செய்வாள்.

"அரிசிக்கு பெல்ட் போடுகிறவர்கள் திருடர்கள் இல்லை, வந்துவிடுவார்கள் என்றார்" என்றார் மேனேஜர். "டீ குடிக்கும்வரை பொறுக்கச் சொன்னார். அது மூன்றாவது டீ."

நான் மெதுவாகப் போய் ஐலீன் முன்னால் நின்றேன். நீங்கள் ஏன் போலீஸைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"கூப்பிட்டால் அவர்கள் என்ன கேட்பார்கள்? ஓட்டிப்போனவர் எப்படி இருந்தார் என்று கேட்பார்கள். நான் சொல்ல வேண்டும். இந்த வருடத்தில் அதைச் சொல்லிவிட்டு, பிறகு நடப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு மனமில்லை. ஒரு பழைய கார்தானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது பேர் போகவர இருக்கிற இடத்தில், ஒரு போலீஸ்காரர் முன்னால், அழுதேன். மும்தாஜ் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபீசர் எழுதி முடித்தார். இரு வாகனங்களும் ஒரே தோற்றம், தவறுதலாக எடுத்துச் செல்லப்பட்டு உடனே திருப்பப்பட்டது, புகார் இல்லை. என் கையில் ஒரு பிரதி கொடுத்தார். பிறகு தயங்கி, ஐலீனிடம் கேட்டார்: "மேடம், டிக்கி என்றால் என்ன?"

ஐலீன் அப்படியொரு சிரிப்புச் சிரித்தார். அவருடைய அப்பா காலத்துக் காரில் பின்பக்கம் திறந்து உட்காரும் இருக்கைக்கு அதுதான் பெயராம். ஐம்பது வருடம் கழித்து அந்த வார்த்தையைக் கேட்கிறேன் என்றார்.

5

அடுத்த ஞாயிறு மதியம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். மும்தாஜ் காரம் குறைத்துப் பிரியாணி செய்தாள். ஐலீன் காரம் போதவில்லை என்று ஊறுகாய் கேட்டு வாங்கினார். அவர் வீடு பத்து நிமிடத் தூரம்தான். பேச்சுவாக்கில் மும்தாஜ் கார் ஓட்டுவதில்லை என்று தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"யார் கற்றுக்கொடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

"அதுதான் காரணம்" என்றார்.

மறுவாரத்திலிருந்து சனிக்கிழமை காலைகளில் அவர் தன் காரைக் கொண்டுவந்து ஆளில்லாத ஓர் ஆபீஸ் பார்க்கிங்கில் மும்தாஜுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு சிக்கல் இருந்தது. மும்தாஜுக்கு ஆங்கிலம் புரியும், ஆனால் ஐலீனின் உச்சரிப்பு புரியாது. அதுவும் வண்டி ஓடும்போது யோசித்துப் புரிந்துகொள்ள நேரம் இருக்காது. ஆகவே நஸ்ரின் மொழிபெயர்ப்பாளராகப் பின் சீட்டில் ஏறினாள். நாய்க் கம்பளியை மடித்து வைத்துவிட்டு மும்தாஜ் துவைத்த படுக்கை விரிப்பை விரித்தாள்.

நஸ்ரின் அப்போதெல்லாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். ஊருக்குப் போன் போட்டு என் அம்மாவிடம் கொடுத்தால் "ம்", "ம்" என்று சொல்லிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுப்பாள். அவளைத் தமிழில் பேசவைக்க நான் செய்யாத தந்திரம் இல்லை. இங்கே வேறு வழியில்லை. ஐலீன் ஒன்று சொல்வார், கார் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும், இவள் உடனே தமிழில் கத்தியாக வேண்டும்.

முதல் வாரம் அவளிடம் வார்த்தைகள் இல்லை. "அம்மா, அந்தக் காலை எடு! இந்தக் காலை... நோ, அதே காலு!" என்றாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டுக்கொண்டாள். மெல்ல விடு என்பதற்கு என்ன, ஒடி என்றால் உடைப்பதா திருப்புவதா, பின்னால் வரும் காரை 'வருது' என்பதா 'வராங்க' என்பதா. ஒரு நாள் நான் மேலே ஜன்னலில் நிற்கிறேன், கீழே கார் வந்து நிற்கிறது. என் மகளின் குரல் கேட்கிறது: "அம்மா, பிரேக்கைக் கோவமா அமுக்காதே. பாட்டி பயந்துக்கிறாங்க."

பாட்டி என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள் போல. எனக்கு யாரும் சொல்லவில்லை.

மும்தாஜ் முதல் டெஸ்ட்டில் தோற்றாள். லைசன்ஸ் ஆபீசில் இரண்டு முறை காகிதம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு முறை பாஸ்போர்ட்டில் பெயர் ஒரு மாதிரியும் விசாவில் வேறு மாதிரியும் இருந்தது. இன்னொரு முறை வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. மூன்றாவது முறை ஐலீன் கூடவே போய் கவுன்டர் முன்னால் நின்றார். "நான் வந்தபோது என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். சரிசெய்ய மூன்று வருடம் ஆனது. இந்தப் பெண்ணுக்கு இன்றே சரியாக வேண்டும்" என்றாராம். ஆயிற்று.

வசந்தம் வந்தபோது மும்தாஜ் தனியாக ஓட்டினாள். ஒரு புதன்கிழமை ஆபீசிலிருந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. அப்படி நடந்ததே இல்லை. கலவரமாகிக் கீழே நின்றேன். பால், தயிர், கொத்துமல்லி என்று பைகளோடு அம்மாவும் மகளும் ஐலீனிடம் இரவல் வாங்கிய காரில் வந்து இறங்கினார்கள். என்னை வாசலில் காக்கவைத்ததில் மும்தாஜுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்கடுத்த வருடம் கிரீன் கார்டு வந்தது. மும்தாஜ் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சருக்கு உதவியாளராகச் சேர்ந்தாள், படித்து முழு டீச்சரானாள்.

6

குடியுரிமை நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தது. உள்ளதைச் சொன்னேன். அதிகாரி, ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண்மணி, தாளை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"காரின் சொந்தக்காரர் இப்போது எங்கே?" என்றார்.

"வெளியே காத்திருக்கிறார், மேடம். என் மனைவியோடு."

அவர் 'இல்லை' என்ற கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

உறுதிமொழி எடுத்த அன்று ஐலீன் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் குடியுரிமை வாங்கிக்கொள்ளவே இல்லை. நாற்பத்தேழு வருடம் கிரீன் கார்டிலேயே இருந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு நாள் திரும்பிப் போவேன் என்று முதல் வருடமே என் தங்கைக்கு வாக்குக் கொடுத்தேன், அப்புறம் வேலை இருந்தது என்றார். அந்தத் தங்கைக்கு இப்போது உடம்பு முடியவில்லை. இவர் வீட்டை விற்றுவிட்டு அவருடன் இருக்கப் போகிறார்.

போன வாரம் அவரை நியூவர்க் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த பிற்பகல். மும்தாஜ்தான் ஓட்டினாள். ஐலீன் முன்னால் அவள் பக்கத்தில். நானும் நஸ்ரினும் பின்னால், நடுவில் அவர் பெட்டி ஒன்று. பதினைந்து வயது நஸ்ரின் வழக்கம்போலக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐலீனுக்கு ஒரு பழக்கம். மும்தாஜ் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால், இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். லைசன்ஸ் வாங்கி ஆறு வருடமாகியும் அவர் விட்டதில்லை. மும்தாஜும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துக் கோபித்துக்கொள்வாள்.

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். மும்தாஜ் ஏதோ கேட்டாள், பதில் இல்லை. நான் முன்னால் சாய்ந்து பார்த்தேன். ஐலீன் ஜன்னல் பக்கம் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, கால் இரண்டையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

மும்தாஜ் ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. நஸ்ரின் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு முன்னால் குனிந்து, தமிழில், அவள் அம்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"மெதுவா போம்மா. பாட்டி தூங்கட்டும்."